செம்மநத்தத்து ஊற்றும் கப்பல் ரிசீவரும்

சர்வே வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரிசீவர் திரையில் ‘லாக்’ என்று வந்தவுடன் நம்பிவிடாதீர்கள். செம்மநத்தம் என்ற மலையூரில் நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

ஒரு காபி எஸ்டேட்டுக்கும் வெள்ளையண்ணன் என்ற விவசாயியின் ராகிக் காட்டுக்கும் நடுவே எல்லையைத் திரும்ப அளக்க வேண்டும். முன்பு யாரோ வந்து நட்ட கல்லின்படி, அவர் குடும்பம் குடிக்கிற ஊற்று எஸ்டேட் பக்கம் போயிருந்தது. அவருக்கு வேறு தண்ணீர் இல்லை.

நல்ல கருவிகள் வேறு வேலைக்குப் போய்விட்டன. என் தலையில் கட்டியது கப்பல்காரர்கள் வைத்துக்கொள்ளும் பீக்கன் ரிசீவர். ஜிபிஎஸ் காட்டும் இடம் சில மீட்டர் தள்ளி இருக்கும். கடற்கரையில் உள்ள பீக்கன் என்ற நிலையம், அந்தப் பிழைக்கான திருத்தத்தை ரேடியோ அலையில் அனுப்பிக்கொண்டே இருக்கும். ரிசீவர் ஒவ்வொரு அலைவரிசையாகத் தேடி, தெளிவாகக் கேட்கிற பீக்கனைப் பிடித்து (அதுதான் ‘லாக்’), விடாமல் கேட்க வேண்டும். கடைசித் திருத்தம் எவ்வளவு பழையது என்பதை ‘ஏஜ்’ என்று காட்டும். அது ஏறிக்கொண்டே போனால் பீக்கன் பேச்சு வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

காலையிலிருந்து ‘லாக்’ ஆகும், ஏஜ் ஏறும், விட்டுவிடும், மறுபடி தேடும். சேலம் ஆபீஸிலிருந்து மேனேஜர் போனில் கத்தினார்.

“ரிசீவர ஆட்டோல போட்டுட்டுச் சும்மா இருய்யா, அதுவே தேடிக்கும்! முன்னாடி வந்தவங்க அரை நாள்ல முடிச்சிருக்காங்க!”

நான் ஜீப்புக்குப் போய் வந்த இடைவெளியில், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் முத்து என் ஆன்டெனாவைக் கழற்றி, ராகிக் காட்டோர வேலியின் உயரமான கம்பத்தில் கட்டியிருந்தார்.

“ஏனுங்க சார், எங்கூர்ல மேட்டுல ஏறுனாத்தானுங்க போனே எடுக்கும். அதான் ஒசத்திக் கட்டுனனுங்க.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இந்த அலை தரையோடு வருவது, உயரம் அதற்குப் பெரிதல்ல. ஆனால் ஆன்டெனா கம்பத்தில் ஏறியதும் லாக் ஒரேயடியாகப் போனது ஏன் என்று யோசித்தேன். ஜீப் ரேடியோவில், பீக்கன் அலைக்கு அடுத்துள்ள மீடியம் வேவ் வைத்தேன். டக், டக், டக். காட்டெருமை வராமலிருக்க வெள்ளையண்ணன் போட்ட, விட்டுவிட்டு ஷாக் அடிக்கும் சோலார் வேலி! ஒவ்வொரு துடிப்பும் பீக்கன் சொல்வதை நடுவில் வெட்டிக்கொண்டிருந்தது.

“வேலிய நிறுத்தோணும்ண்ணா,” என்று பக்கத்தில் நின்ற வெள்ளையண்ணனிடம் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “ராகி முத்தி நிக்குதுங்க. காட்டு மாடு அந்தா, எதுக்காலதான் மேயுதுங்க. உள்ள பூந்தா ஒண்ணும் மிஞ்சாதுங்களே.”

ஊற்றா, ராகியா என்று அவரே முடிவு செய்ய வேண்டியதாயிற்று. வேலியை நிறுத்திவிட்டு, தகர டப்பாவோடு ராகிக் காட்டுக்குள் போய்த் தட்டிக்கொண்டே நின்றார். நான் ஆன்டெனாவை வேலியிலிருந்து தள்ளி வைத்து, ஆட்டோவை விட்டு அலைவரிசையை நானே போட்டேன். ஏஜ் இறங்கி நின்றது. அளந்து, நிலப்படத்தில் உள்ள எல்லையோடு வைத்துப் பார்த்தேன். பழைய கல் எல்லையிலேயே இல்லை. முன்பு வந்தவர்கள் ஏஜைப் பார்க்காமலே நட்டிருக்கிறார்கள். அரை நாள் வேலைதானே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஊத்து உங்க பக்கந்தான்ண்ணா!” என்று கத்தினேன்.

டப்பாச் சத்தம் ஒரு கணம் நின்றது.

“அப்ப வேலிய போட்டுரலாமுங்களா?” என்று காட்டுக்குள்ளிருந்து கேட்டார்.