வண்டி திரும்ப இருபத்தோரு அடி

படத்தில் கார் செட்டுக்குள் நின்றுகொண்டிருந்தது. தீப்பெட்டி மாதிரி ஒரு கட்டம், அதற்கு நாலு சக்கரம். எங்கள் புது வீட்டுக்குப் பிளான் போட்டவர் நீலக் கலர்கூட அடித்திருந்தார். அந்தக் கார் எப்படி உள்ளே போனது என்பது மட்டும் படத்தில் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படம் பார்த்துப் புரிந்துகொள்வது எனக்குக் கஷ்டம். ஆனால் இருபத்தெட்டு வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். திண்டுக்கல்லில் எந்தச் சந்தில் வண்டி திரும்பும், எதில் ரிவர்ஸில்தான் வரவேண்டும் என்று என் கைக்குத் தெரியும். வாய்க்குத்தான் தெரியாது. நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் எனக்குப் பேச்சே வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

குஜிலியம்பாறை ரோட்டுப் பக்கம், ஊர் முடிகிற இடத்தில் மனை வாங்கியிருந்தோம். எதிரே ஒரு தெரு நேராக வந்து எங்கள் மனையில் முட்டும். தெருக்குத்து. செட்டின் வாய் தெருவைப் பார்த்து இருந்தால் ஆகாது என்று என் மச்சான் சொல்லிவிட்டார். மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் அண்ணன். செம்பட்டியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து, போர்வெல் எல்லாவற்றுக்கும் அவர் சொல்தான்.

அதனால் செட்டின் வாயைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். மனையின் வடக்கு ஓரத்தில் கேட். கேட்டுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் ஒடித்துச் செட்டுக்குள் போகவேண்டும். செட்டு வாய்க்கும் வடக்குக் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் இருக்கிற வெற்று இடத்தில்தான் வண்டி திரும்ப வேண்டும். அந்த இடத்துக்கு மச்சான் கொடுத்தது பதினேழு அடி.

“பதினேழுன்னா அரசனப்போல வாழ்வான்னு போட்டிருக்கு மாப்ளே. பதினெட்டு ஆகாது. பத்தொம்பது பக்கமே போகக்கூடாது” என்றார். கையில் பஞ்சாங்கம். அதன் கடைசிப் பக்கங்களில் மனையடி சாஸ்திரம். எத்தனை அடிக்கு என்ன பலன் என்று வரிசையாக இருக்கும்.

அரசன் குதிரையில் வருவான் மச்சான், குதிரை நின்ற இடத்திலேயே திரும்பும், காருக்கு அது முடியாது. இதை நான் சொல்லவில்லை. பைக்கில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எனக்கு அந்தச் செட்டு ஆடம்பரத்துக்கு இல்லை. என் வீட்டுக்காரிக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. ஒன்றில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நாங்கள் அப்போது இருந்த வாடகை வீட்டுக்கு ஆறு படி. ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் நாளெல்லாம் நான் அவள் இடுப்பைப் பிடித்து, அவள் என் கழுத்தைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறுவோம். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் துணியை விட்டுவிட்டு எங்களைப் பார்ப்பார்கள். “விடுங்க, நானே ஏறிக்கிறேன், தெருவே பாக்குது” என்பாள். விட்டால் விழுவாள்.

புது வீட்டில் படியே ஏறவேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். செட்டுத் தரையும் ஹால் தரையும் ஒரே மட்டம், நடுவில் ஒரு கதவு. வண்டி உள்ளே போய் நிற்கும், அவள் இறங்கி நாலு எட்டு வைத்தால் ஹால். வாசல் பக்கம் நாலு படி இருக்கிறது, அது மற்றவர்களுக்கு. வண்டி செட்டுக்குள் போகாவிட்டால் அந்த நாலு படி அவளுக்கும்தான்.

பிளான் போட்டவரிடம் ஒருநாள் தனியாகப் போனேன். “சார், இந்த இடத்துல வண்டி…” என்று ஆரம்பித்தேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, “உங்க மச்சான் ஓக்கே சொல்லிட்டாருல்லண்ணே?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ரோட்டுக்கு வந்தபிறகுதான் எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. ஆமாம் சொல்லவா அவ்வளவு தூரம் போனேன்?

வீட்டில் சொன்னேன். “அண்ணங்கிட்ட நேரா சொல்லுங்களேன்” என்றாள். “நீ சொல்லு” என்றேன். “எனக்கு என்ன தெரியும், வண்டி ஓட்டுறது நானா?” என்றாள். அதுவும் நியாயம்தான். மூன்று வாரம் போயிற்று.

அஸ்திவாரம் தோண்ட வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள். வியாழக்கிழமை கொத்தனார் நூல் கட்டி, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மச்சான் குடை பிடித்து நின்றார். நான் சின்னாளப்பட்டிக்குச் சேலை வாங்க வந்த ஒரு பார்ட்டியை இறக்கிவிட்டு நேரே அங்கே வந்திருந்தேன். வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாளைக்கு இதில் மண் தோண்டுவார்கள், கல் இறங்கும், அப்புறம் என்ன செய்யமுடியும்?

அன்றைக்கும் வாய் வரவில்லை. ஆனால் செங்கல் அடுக்கு பக்கத்திலேயே இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, காம்பவுண்டுச் சுவர் வரப்போகிற கோட்டின்மேல் நட்டமாக நிறுத்த ஆரம்பித்தேன். செட்டு வாயின் இரண்டு பக்கமும் தூணுக்குப் பதிலாக இடுப்பு உயரம் அடுக்கினேன்.

“ஏன் மாப்ளே, வீடு கட்டுறதுக்கு முன்னாடியே வீடு கட்டி வெளையாடுறியா?” என்றார் மச்சான்.

நான் கார்ச் சாவியை அவர் கையில் கொடுத்தேன். “செத்த நேரம், நீங்களே உள்ள விடுங்க மச்சான்.”

அவருக்கும் ஓட்டத் தெரியும். சொல்லப்போனால் என்னைவிட நன்றாக ஓட்டுவதாகச் சொல்லிக்கொள்வார். குடையை மடக்கிக் கொத்தனாரிடம் கொடுத்துவிட்டு ஏறினார். கேட் வரப்போகிற இடத்தில் நுழைந்து, செட்டுக்கு நேராக வந்ததும் இடது பக்கம் ஒடித்தார். முன் மூக்கு உள்ளே போனது. இடது பின்பக்கம் போய்த் தூணில் உட்கார்ந்தது. செங்கல் சரிந்தது.

“ஒன்னு” என்றார் கொத்தனார்.

ரிவர்ஸ் எடுத்தார். பின்னால் நிறுத்தியிருந்த காம்பவுண்டுச் செங்கல் நாலு ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

“இப்ப சுவரும் போச்சு.”

“நீ சும்மா இருப்பா. ரைட்ல எடம் இருக்கா பாரு.”

“இருக்குண்ணே, ஒடிங்க. இன்னும் ஒடிங்க. போதும் போதும்… அந்தத் தூணும் போச்சு.”

நான் விழுந்த செங்கலை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். என் வண்டி. ஒவ்வொரு உரசலும் என் தோலில் உரசுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் போதும் என்று சொல்லவில்லை. ஆறாவது தடவை வண்டி கோணலாக உள்ளே போய் நின்றது. இடது கதவு தூணை ஒட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரி எப்போதும் உட்காருகிற பக்கம் அது.

“போயிருச்சுல்ல!” என்றார் மச்சான், வேர்வையைத் துடைத்தபடி.

“உங்க தங்கச்சி எப்படி எறங்கும்?” என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். அதைக் கேட்பதற்குள் எனக்கும் அவர் அளவுக்கு வேர்த்துவிட்டது.

அவர் கதவைப் பார்த்தார். பிறகு தன் பக்கம் இறங்கிப் பஞ்சாங்கத்தை எடுத்தார். “சாஸ்திரத்துல பதினேழுதானே மாப்ளே நல்லாருக்கு. நான் என்ன செய்ய?”

அப்போதுதான் கொத்தனார், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சர்வசாதாரணமாகச் சொன்னார்: “அண்ணே, மனையடி பாக்குறது கூரைக்குக் கீழ, சுவத்துக்குச் சுவரு உள்ளளவுக்குத்தான். இது வெட்டவெளி. ஆகாசத்துக்கு யாரு அடி பாப்பாங்க?”

நானும் மச்சானும் அவரையே பார்த்தோம்.

“இத ஏன்யா முன்னாடியே சொல்லல?” என்றார் மச்சான்.

“யாரும் கேக்கலையேண்ணே.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த செங்கலைக் கீழே போட்டேன். மூன்று வாரம் தூங்காமல் கிடந்திருக்கிறேன். இந்த மனுஷன் தினம் என்னோடு டீ குடித்திருக்கிறார். ஆனால் அவரைத் திட்டவும் முடியவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை என்றுதானே நானும் அத்தனை நாள் உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். நான் மட்டும் அவரைக் கேட்டேனா?

அதற்குள் மச்சான் பக்கத்தைப் புரட்டி விரலை வைத்துவிட்டார். “இருந்தாலும் நல்ல எண்ணாவே இருக்கட்டும். இருபத்தொன்னு. பால் பாக்கியம். செட்டு நீளம் இருபதுல இருந்து நாலக் கழிச்சா பதினாறு. அதுவும் செல்வம்தான். உன் வண்டிக்குப் பதினாறு காணுமா?”

எனக்கு இருபத்திரண்டு வேண்டும். இருபத்தொன்று என்றாலும் ஒரே வீச்சில் திருப்பிவிடலாம். என் வண்டி பதின்மூன்று அடிகூடக் கிடையாது. “காணும் மச்சான்” என்றேன். கொத்தனார் செட்டுக் கோட்டைக் காலால் அழித்து, நாலு அடி தள்ளிப் புதுக்கோடு போட்டார். அன்று ராத்திரி மச்சான் போனில் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்: “வண்டிய விட்டே பாத்துட்டேன். நான் மட்டும் பாக்கலன்னா மாப்ள மாட்டியிருப்பாரு.”

வீடு முடிந்து, பால் காய்ச்சிய மறுவாரம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தேன். கேட்டுக்குள் நுழைந்து, வடக்குச் சுவரை ஒட்டிப் போய், ஒரே ஒடிப்பு. வண்டி செட்டுக்குள் நேராக நின்றது. அவள் கதவை முழுசாகத் திறந்து, காலை ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்குள் போனாள். நான் பிடிக்கவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. உள்ளே போனவள் திரும்பி, “இம்புட்டுதானா? இதுக்கா அம்புட்டு நாள் மொனங்குனீங்க?” என்றாள்.

நான் போய்க் கேட்டைச் சாத்திவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். கையில் தென்னங்கன்று, தோளில் கடப்பாரை. கேட்டைத் திறந்து, அந்த இருபத்தோரு அடிக்கு நட்டநடுவில் போய் நின்று, செருப்பால் மண்ணைக் கிளறினார்.

“இம்புட்டு எடம் சும்மா கெடக்குதே மாப்ளே. இங்கன வச்சா நெழலுக்கும் ஆச்சு, காய்க்கும் ஆச்சு.”

கடப்பாரையை ஓங்கினார். ஜன்னலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். என்னைத்தான் பார்த்தாள்.

“மச்சான், வேணாம்!” என்று கத்திவிட்டேன். பக்கத்து மனையில் வேலை செய்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். முகம் சூடாகிவிட்டது. ஆனாலும் மிச்சத்தையும் சொன்னேன். “அது சும்மா கெடக்கல. வண்டி திரும்புது. உங்க தங்கச்சி எறங்குது. அங்க ஒரு குச்சிகூட நடக்கூடாது.”

அவர் கடப்பாரையை மெல்ல இறக்கினார். “அதுக்கு ஏன்ப்பா இந்தக் கத்து கத்துற? சொன்னா கேக்க மாட்டேனா?” என்றார்.

கன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்பக்கம் போனேன். எந்த வண்டியும் வராத இடமாகப் பார்த்துக் குழி தோண்டினேன்.