ஆடு விற்ற வருடம்

என்னைப் பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிடுகிறார்கள். ஏழைக் குடும்பத்தில் பிறந்து அரசு மருத்துவமனையில் செவிலியர் ஆனவர், கோவில்பட்டியில் சொந்த வீடு கட்டியவர் என்று தலைமையாசிரியர் அறிமுகப்படுத்துவார். சால்வை போர்த்துவார்கள். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கப்பா இருந்த ஆட்டையெல்லாம் விற்று என்னைப் படிக்க வைத்தார்" என்று ஆரம்பிப்பேன். பிள்ளைகள் கை தட்டுவார்கள். அதோடு நிறுத்திக்கொள்வேன். மிச்சத்தைச் சொன்னால் யாரும் தட்ட மாட்டார்கள்.

பசுவந்தனைப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் கரிசல் காடு இருந்தது. கிணறு கிடையாது, வானம் பார்த்த பூமி. எங்கள் ஊரில் மழை பெய்யட்டும் என்று விதைக்காமல் காத்திருக்க மாட்டார்கள். பெய்துவிட்டால் கரிசல் காலைக் கவ்விக்கொள்ளும், டிராக்டர் இறங்காது, மண் பதத்துக்கு வருவதற்குள் பருவம் தப்பிவிடும். அதனால் புரட்டாசியிலேயே புழுதியில் விதையைப் போட்டு மூடிவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெளியூர்க்காரருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அந்த வயதில் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம் அப்பா உளுந்து விதைத்தார். அரை மழை பெய்தது. அறவே பெய்யாமல் இருந்திருந்தால்கூட விதை மண்ணுக்குள் பத்திரமாகக் கிடந்திருக்கும். மேல்மண் மட்டும் நனைந்ததால் எல்லாம் முளைத்துவிட்டது. பிறகு பத்து நாள் வெயில். நாலு ஏக்கரும் கருகிப்போனது.

அதே வாரம்தான் எனக்குத் திருநெல்வேலியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. வீட்டில் விற்பதற்கென்று இருந்தவை மூன்று ஆடுகள். அவற்றை விற்றால் ஏதாவது ஒன்றுதான் நடக்கும். மறுபடியும் விதை வாங்கலாம், இல்லையென்றால் என்னைச் சேர்க்கலாம்.

"ஏட்டி, ஒரு வருசம் பொறு," என்றார் அப்பா. "ஐப்பசில மழை உண்டு. வெள்ளாமைய எடுத்ததும் ஒன்னைச் சேத்துவிடுதேன்."

"ஒங்க காடு என்னைக்கு வெளஞ்சிருக்கு?" என்றேன். "நானும் அம்மாகூட தீப்பெட்டி ஆபீசுக்குப் போறேன். சாவுற வரைக்கும் குச்சி அடுக்குதேன். ஒங்களுக்குச் சந்தோசம்தான?"

வாய்க்கொழுப்பு என்று அம்மா அடிக்க வந்தாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை. தூங்கி எழுந்து பார்த்தபோது கொட்டடியில் ஆடுகள் இல்லை, எட்டயபுரம் சந்தைக்குப் போய்விட்டன. ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அப்பாவின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

ஐப்பசியில் மழை ஊற்றியது. மறுபடி விதைத்தவர்கள் காடெல்லாம் பச்சை. விடுதிக்குப் போன் செய்த அப்பா, சாப்பாடு எப்படி, படிப்பு எப்படி என்று கேட்டுவிட்டுக் கடைசியில், "நம்ம காட்டுல புல்லு நல்லா வந்திருக்கு," என்றார். அதை மேய எங்களிடம் ஆடு இல்லை.

வெறுங்காட்டில் அவருக்கு வேலையும் இல்லை. தீபாவளி முடிந்து ஆலைகள் திறந்ததும் வெடி ஆபீசுக்குப் போனார். பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மண்ணைத் தவிர வேறு எதையும் கையாளத் தெரியாத மனிதரை மருந்து கலக்கும் அறையில் விட்டிருந்தார்கள். மார்கழிக் கடைசியில், ஊரே உளுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அந்த அறை வெடித்தது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். சீருடையோடு ஓடினேன். அப்போது எனக்குப் படுக்கை விரிக்கவும் காய்ச்சல் பார்க்கவும் மட்டும்தான் தெரியும். அவர் உடம்பில் தொட்டுப் பார்க்க இடமில்லை. மூன்று நாள் இருந்தார். நினைவு வரும்போதெல்லாம், "பக்கத்துக் காட்டுல உளுந்து எடுத்துட்டாவளா?" என்று கேட்டார். எடுத்துவிட்டார்கள் என்றேன். வெள்ளாமை எப்படி என்றார். சுமார்தான் என்று பொய் சொன்னேன்.

ஆலைக்காரர்கள் கொடுத்த இழப்பீட்டில்தான் மீதிப் படிப்பை முடித்தேன். வேலையில் சேர்ந்தபோது தீக்காயப் பிரிவு மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். இதையெல்லாம் எந்த மேடையில் சொல்வது? முன்னேற்றம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் கூப்பிட்டால் போய்விடுவேன். அப்பாவைப் பற்றி நாலு பேர் முன்னால் நல்லதாகச் சொல்ல எனக்கு வேறு இடம் இல்லை.

போன மாதம் ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு பள்ளியில் கூப்பிட்டிருந்தார்கள். முதல் தடவையாக அம்மாவும் கூட வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல் ஆடு விற்ற கதையைச் சொன்னேன், வழக்கம்போல் தட்டினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"ஒங்கப்பா ஆட்ட விக்கலட்டி," என்றாள், வெளியே பார்த்துக்கொண்டே.

"பின்ன?"

"நாந்தான் சந்தைக்கு ஓட்டிட்டுப் போனேன். நீ பட்டினி கெடந்தத என்னால பாக்க முடியல. அவிய விதைக்குச் சொல்லி வச்சிட்டு வந்து பாக்காவ, ஆடு இல்ல."

அப்பா சண்டை போடவில்லையா என்று கேட்டேன்.

"கொட்டடியிலயே குத்தவச்சு இருந்தாவ. பெறவு அவியளே, 'நாந்தான் வித்தேன்னு சொல்லு, புள்ள மனசு நோகாமப் போவட்டும்'னாவ."

"இத்தன வருசமா ஏம்மா எங்கிட்டச் சொல்லல?" கோபத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அவிய சொல்ல வேண்டாம்னாவ. சொல்லல." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கு நீ பேசும்போதுதான் மனசு கேக்கல. அவியளுக்கு விதைக்கணும்னுதான் இருந்துச்சு. அடுத்த தடவ அதையும் சேத்துச் சொல்லு."