கடைசி பி.காம். சீட்

காலேஜ் கேட்டைத் தாண்டி நடந்துகொண்டிருக்கிறோம். மூன்று பேர். முன்னால் மாடசாமி, கொஞ்சம் பின்னால் அவன் மகள் செல்வி, அவளுக்கும் பின்னால் நான். நல்ல வெயில். பஸ் ஸ்டாப் வரை எல்லார் கண்ணும் தரையில்.

சீட் கிடைக்காதவர்கள் இப்படித்தான் நடப்பார்கள். ஆனால் செல்விக்கு அன்று சீட் கிடைத்திருந்தது. அதுவும் எல்லாரும் அடித்துக்கொள்கிற பி.காம். அப்புறம் ஏன் இந்தச் சாவு வீட்டு நடை?

சொல்கிறேன்.

போன வாரம் ராயகிரிப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் வேலை பார்த்துக்கொண்டே இந்தப் பத்தியில் உங்களுக்கு எழுதியிருந்தேன். இப்போது அங்கே இல்லை. மழை பிடித்தது, கல் காயவில்லை, வேலை நின்றது. கிளம்பிவிட்டேன். எந்த வேலையிலும் நிலைக்காத என் விஷயத்தில் இது செய்தியே இல்லை – உங்களுக்குத் தெரியும்.

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் மாடசாமி என் பழைய கூட்டாளி. ஒரு காலத்தில் ஒரே தறிக்கூடத்தில் இருந்தோம். நான் போய்விட்டேன், அவன் இருந்துவிட்டான். அவன் வீட்டில் பையை இறக்கி வைத்ததுமே விஷயத்துக்கு வந்தான்.

"நாளைக்கு இவளுக்கு கவுன்சலிங். எகனாமிக்ஸ்தான் எடுப்பேங்கா. நீதான் பேப்பர்ல எழுதுதவன்லா... புத்தி சொல்லுடே."

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் காலேஜ் படிப்புக்கு என்ன புத்தி சொல்வது? சும்மா கேட்டு வைத்தேன். "ஏம்மா எகனாமிக்ஸ்?"

செல்வி தலை நிமிரவில்லை. மடித்துக்கொண்டிருந்த துண்டுகளைக் காட்டினாள்.

"நம்ம தெருவுல எந்தத் தறியில பாத்தாலும் இந்த ஒரே துண்டுதான் சித்தப்பா. விலை விழுந்துட்டுன்னு எல்லாரும் ஒண்ணா அழுதாங்க. அப்புறம் என்ன செஞ்சாங்க? மறுபடியும் அதே துண்டு. ஏன் அப்படிச் செய்யுதாங்கன்னு எனக்குத் தெரியணும்."

"வேற நெய்யத் தெரியாது. அதான்," என்றான் மாடசாமி.

"அது பதில் இல்லப்பா."

சும்மா பேச்சுக்குச் சொல்கிற பெண் இல்லை அவள். மூன்று வருஷத்துப் பாடங்களையும் போனில் இறக்கி வைத்திருந்தாள். விவசாயப் பொருளாதாரம் எந்த வருஷம், புள்ளியியல் எந்த வருஷம் – எல்லாம் பாடமாகச் சொன்னாள். மேல் வகுப்பு அக்காமாரைப் பிடித்து விசாரித்தும் விட்டாள்.

"கடைசி வருஷத்துல ரெண்டு பேப்பர்ல இஷ்டப்பட்ட ஒண்ணை எடுக்கலாம்னு போட்டிருக்கு சித்தப்பா. கேட்டா, கிளாஸ் மொத்தமும் சேந்து ஒண்ணைத்தான் எடுக்கணுமாம்."

"அப்போ யாரு இஷ்டம்?"

"முத பெஞ்சு இஷ்டம்."

மாடசாமிகூடச் சிரித்துவிட்டான்.

மறுநாள் போனோம். காலேஜ் பெயர் வேண்டாம். பெரிய ஹால். முன்னால் ஒரு போர்டு – எந்தப் படிப்பில் எத்தனை சீட் மிச்சம் என்று. ஒருவர் சேர்ந்ததும் பழைய எண்ணை அழித்துப் புது எண்ணை எழுதுவார்கள். மொத்த ஹாலும் அந்த டஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தது. பி.காமுக்கு நேரே எழுதி எழுதி அந்த இடமே வெளுத்துப் போயிருந்தது. எகனாமிக்ஸ் எண்ணைக் காலையிலிருந்து யாரும் தொடவில்லை.

செல்வியின் முறை வந்தபோது பி.காமில் ஒன்றே ஒன்று.

மேசையில் இருந்த பேராசிரியர் நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். அவள் மார்க்கைப் பார்த்துவிட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"இவ்வளவு மார்க்கை வச்சுக்கிட்டு எகனாமிக்ஸா? யாரும் எடுத்துச் சொல்லலியாம்மா? பி.காம். ஒண்ணு கெடக்கு. உன் நல்ல நேரம்."

"இல்ல சார், எனக்கு எகனாமிக்ஸ்தான்..."

"கடைசியில வாரவனுக்கு எகனாமிக்ஸ் தானா வரும்மா. நீ எதுக்கு அவன் சோத்துல கை வைக்கே?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செல்வி அப்பாவைப் பார்த்தாள். மாடசாமி துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"சார் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

டஸ்டர் போர்டைத் துடைத்தது. பி.காம். – பூஜ்யம். ஹால் முழுக்க உச்சுக்கொட்டியது. மாடசாமி முகத்தில் ஏலத்தில் ஜெயித்தவனின் களை. தனக்கு வேண்டியது கிடைத்த களை அல்ல அது. மற்றவர்களுக்குக் கிடைக்காதது கிடைத்த களை.

திருவிழாக் கூட்டத்தில் பஸ் வந்ததும் என்ன செய்வோம்? ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போம். உட்கார்ந்த பிறகுதான் பஸ் எங்கே போகிறது என்று பக்கத்து ஆளைக் கேட்போம். படிப்பையும் அப்படித்தான் பிடிக்கிறோம்.

வெளியே வந்து கேட்டுக்கு எதிர் டீக்கடையில் நின்றோம். அடுத்து வந்தது, செல்விக்குப் பின்னால் நின்ற இசக்கிமுத்து. ராயகிரிப் பையன். கூட அவன் அம்மா. காட்டு வேலைக்குப் போகிறவர். டீயை வாங்கிக்கொண்டு பையன் செல்வியை முறைத்தான்.

"நீதான அந்தக் கடைசி சீட்டு?"

"ஆமா."

"நல்லாரு."

சாபம் மாதிரித்தான் சொன்னான். அவன் தாய்மாமன் ராஜபாளையத்தில் ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறாராம். பி.காம். முடித்தால் அங்கேயே சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் வண்டி ஏறி வந்திருக்கிறார்கள்.

"எனக்கு அது வேண்டாம்," என்றாள் செல்வி.

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "வேண்டாம்னா எதுக்கு எடுத்தே?"

"எடுக்க வச்சாங்க. உனக்கு என்ன கெடச்சுது?"

"எகனாமிக்ஸ். அது என்னன்னே தெரியலை."

அவன் அம்மா மெதுவாகக் கேட்டார். "அது நல்ல படிப்பா தாயி?"

"ரொம்ப நல்ல படிப்பு பெரியம்மா," என்றாள் செல்வி. அழுகிற மாதிரி இருந்தது குரல்.

இவளிடம் இருப்பது அவனுக்கு வேண்டும். அவனிடம் இருப்பது இவளுக்கு வேண்டும். மாற்றிக்கொண்டால் யாருக்கு நஷ்டம்? டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "மாத்திக்கிட வேண்டியதுதான? இதுல என்ன கெடக்கு?"

எல்லாரும் திரும்ப உள்ளே போனோம்.

பேராசிரியர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். கோபப்படவில்லை. "அப்படி மாத்த வழியில்லப்பா. வேணும்னா ரெண்டு பேரும் ரத்து பண்ணச் சொல்லி எழுதிக் குடுங்க. நாளைக்கு மறுபடியும் கூப்பிடுவோம். ஆனா இன்னைக்கு வராதவங்களும் நாளைக்கு வருவாங்க. யாருக்கு எது போகும்னு நான் எப்படிச் சொல்ல?"

"நான் எழுதிக் குடுக்கேன் சார்," என்றான் இசக்கிமுத்து. அவன் அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். பிறகு விட்டுவிட்டார். மாடசாமியைப் பார்த்தார்.

"எழுத வேண்டாம்," என்றான் மாடசாமி.

"அப்பா, எகனாமிக்ஸை யாரும் கேக்கவே இல்லப்பா. நாளைக்கும் கண்டிப்பா..."

"கையில கெடச்சதை விட்டுட்டு நாளைக்கு வந்து கையேந்தி நிக்கவா? வேண்டாம்ட்டி."

செல்வி என்னைப் பார்த்தாள். எனக்கு வேறு வழி இல்லை. "மாடசாமி, அவ இஷ்டப்பட்டதைப் படிக்கட்டுமே," என்றேன்.

அவன் நிதானமாகத் திரும்பினான். "இஷ்டப்பட்டபடி போனவன்தானடே நீ? இப்போ எங்க இருக்கே? எங்க வீட்டுல."

உண்மைதான். அவன் வீட்டில்தான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். அவன் சட்டையைத்தான் போட்டிருந்தேன்.

இசக்கிமுத்து காலேஜ் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் நடந்தோம். அந்த நடையைத்தான் முதலில் சொன்னேன்.

மாடசாமி கெட்டவன் இல்லை. பி.காம். என்றால் நாளைக்கு மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூடச் சொல்லிக்கொள்ளலாம். எகனாமிக்ஸ் என்றால், ‘வேற ஒண்ணும் கெடைக்கலியோ?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவனால் பதில் சொல்ல முடியாது. மகளால் முடியும். ஆனால் மகளிடம் யார் கேட்கப்போகிறார்கள்?

சாயங்காலம் செல்வி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பி.காம். பாடங்கள்.

"இதுலயும் பிசினஸ் எகனாமிக்ஸ்னு ஒரு பேப்பர் வருது சித்தப்பா. ஒரு செமஸ்டர்."

"போதுமா?"

"போதாது."

போனைக் கவிழ்த்து வைத்தாள். "மாத்தியிருந்தா ரெண்டு பேருக்கும் லாபம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனா நடக்கலை. இதெல்லாம் எந்தப் பேப்பர்ல வரும்னு தெரியலை."

சிரித்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

அதற்கு மேல் அந்த வீட்டில் இருக்க என்னால் முடியவில்லை. காலையில் பையை எடுத்துக்கொண்டு அந்த டீக்கடைக்கே போனேன். கிளாஸ் கழுவுகிறவன் ஊருக்குப் போயிருந்தான். அட்மிஷன் முடியும்வரை கூட்டம் குறையாது, ஆள் வேண்டும் என்று அண்ணாச்சி முந்தின நாளே புலம்பியிருந்தார். சேர்ந்துகொண்டேன். பெரிய விசாரணை எதுவும் இல்லை. "வாளி அங்கன இருக்கு," என்றார்.

மதியத்துக்கு முன்னால் உள்ளே இருந்து ஒரு கூட்டம் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்த ஒருவர் தன் மகனைத் தேற்றிக்கொண்டிருந்தார். "பி.காம். இல்லாட்டி என்னலே... எகனாமிக்ஸ்ல சீட்டு அப்படியே கெடக்காம். நாளைக்கும் கூப்பிடுதாங்களாம்."

கையைத் துடைத்துவிட்டு மாடசாமிக்குப் போன் போட்டேன். எகனாமிக்ஸ் சீட் இன்னும் கிடக்கிறது, இப்போது எழுதிக் கொடுத்தாலும் செல்விக்குக் கிடைக்கும் என்றேன்.

"தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலடே," என்றான்.

தறி ஓடும் இடத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலே காதில் விழாது. எனக்கோ அவனுக்குப் பின்னால் காக்கை கத்துவது தெளிவாகக் கேட்டது. இன்னொரு தடவை சொன்னேன், நிறுத்தி நிறுத்தி. அவனும் இன்னொரு தடவை அதையே சொன்னான்.

போனை வைத்துவிட்டு, வாளியில் கிடந்த கிளாஸ்களைக் கழுவ உட்கார்ந்தேன்.