மூன்று தரம் அலசிய பாசி

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். போத்தல் கழுவிய கதையை எழுத வந்ததற்கு நீங்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்று காலை கல்லடிப் பாலத்தில் பஸ் மெதுவாகியபோது வாவியிலிருந்து பச்சை வாடை வந்தது. வெள்ளம் வடிய முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிட்டிருக்கிறார்கள். இனிக் கடல் உள்ளே வரும், வாவி உப்பாகும். பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்தினார். நான் ஆழமாக இழுத்தேன். அது நான் முன்பு வேலை செய்த சுகந்தி மிஸ்ஸின் ஆய்வுகூட வாடை.

அங்கே நாங்கள் இருவர்தான். வாவியின் நீலப்பச்சைப் பாசியை மிஸ் குடுவைகளில் வளர்த்தார், நான் கழுவினேன். பகல் முழுக்கப் பேசாமல் இருக்க என்னால் முடியும். குடுவைகளும் அப்படித்தான். ஒருநாள் மிஸ்தான் தொடங்கினார்.

"உப்பு கூடினா இது என்ன செய்யும் தெரியுமா அக்கா? உள்ளுக்க சீனி செஞ்சு வைக்கும். அதால தண்ணி வெளிய போகாது. ஆனா திடீரெண்டு உப்பில்லாத நல்ல தண்ணியக் கண்டா, சேத்த சீனிய எல்லாம் கொட்டிரும்."

"நம்மட பிளேன்டீக்குப் போடுற அளவு இருக்குமா மிஸ்?"

"போங்கக்கா!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இரண்டு நாள் யோசித்து இன்னொரு பகிடி தயார் செய்தேன். சொல்ல வாய் வரவில்லை.

மூன்று மாதம் உப்பு நீரில் வளர்த்த பாசியை, சீனி அளப்பதற்காக வடித்தெடுத்து வைக்கச் சொல்லிவிட்டு ஒரு மதியம் வெளியே போனார். எங்கள் ஆய்வுகூடத்தில் எந்தப் பாத்திரத்தையும் காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தரம் அலச வேண்டும். கைப்பழக்கத்தில் பாசியையும் அலசினேன். சுத்தமாக இருக்கட்டும் என்றுதான்.

அளந்தபோது சீனி இல்லை.

"இந்தப் பாசி சீனி செய்யல்லக்கா," என்று மிஸ் மேசையில் தலை வைத்தார். "ஆராய்ச்சிய விட்டுட்டு ஊருக்குப் போகப் போறன்."

அப்போதுதான் நல்ல தண்ணீரைப் பற்றி அவர் சொன்னது நினைவு வந்தது. சீனியைத் தொட்டியில் ஊற்றியவள் நான். "நான்தான் மிஸ்" என்று இரண்டு சொல் போதும்.

"பிளேன்டீ போடவா மிஸ்?" என்று கேட்டேன்.

"ஓம். சீனி கூடப் போடுங்க."

இப்போது அங்கே உடைந்த கதிரை மேசைகளை அடுக்கியிருக்கிறார்கள். வாடை இல்லை. என்னை அக்கா என்று கூப்பிடவும் அந்தக் கட்டடத்தில் ஆளில்லை.

அந்தப் பிளேன்டீ போட்ட மறுநாள், உண்மையைச் சொல்லிவிடுவதென்று வேளைக்கே போனேன். மிஸ் வரவில்லை, அதன் பிறகும் வரவில்லை. குடுவைகளைக் கழுவி, மூன்று தரம் அலசி, கவிழ்த்து வைத்தேன்.