நாத்தனாருக்கு எழுதிவைத்த முன்னறை

உயில் எழுதப் போகிறேன் என்றதும் என் நாத்தனார் பதறிப்போனாள். "இன்னா அண்ணி, டாக்டர் ஏதாவது சொல்லிட்டாரா?" என்றாள். எனக்கு ஒன்றுமில்லை, சர்க்கரைகூட இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான், என் உடம்பு எனக்குத் தெரியாதா? ஆனால் உயில் என்றாலே அவளுக்குக் கடைசி மூச்சுதான். "நல்லா இருக்கிறவங்க எதுக்கு அதையெல்லாம் எழுதிக்கினு?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. என் கணவர் வீட்டார் பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்துக்காரர்கள். காலங்காலமாக அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். உயில் எழுத ஒரு முழம் மண்ணாவது சொந்தமாக இருக்க வேண்டாமா? அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக எழும்பிய வீடு, பெரிய காஞ்சிபுரத்தில் என் சம்பளத்தில் என் பேரில் நான் கட்டியதுதான். அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. பையன்கள் இருவரும் வெளியூரில். வீட்டில் மிச்சம் நானும் நாத்தனாரும். அவள் என்னைவிட வயதில் மூத்தவள், கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள், ஆனாலும் முறைக்கு என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். பட்டுக்கடைகளிலிருந்து புடவை வாங்கி வந்து முந்தானைக்கு முடிச்சுப் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். மீதி நேரத்தில் என்னோடு சண்டை போடுவாள். உப்பு டப்பா அடுப்புக்கு வலப்பக்கமா இடப்பக்கமா என்ற வழக்கில் எங்களுக்குள் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஓர் அம்மாள் இறந்துபோனார். காரியம் முடிந்த கையோடு அவருடைய பிள்ளைகள் ஆளுக்கொரு பூட்டாக வாசலில் மாட்டினார்கள். அதுவரை கூடவே இருந்து அவருக்குக் கஞ்சி ஊற்றிய தங்கை, ஒரு பையை வைத்துக்கொண்டு தெருவில் நின்றார். என் பிள்ளைகள் நல்லவர்கள்தான். மருமகள்களும் நல்லவர்கள்தான். ஆனால் கட்டைவிரலில் மையோடு செத்துப்போனவர்களை நான் வார்டில் துடைத்து அனுப்பியிருக்கிறேன். அந்த ரேகையைப் பத்திரத்தில் வாங்கிக்கொண்டு போனவர்களும் ஊரில் நல்லவர்கள்தான். நான் முதலில் போய்விட்டால் இவள் எங்கே போவாள்?

அதை அவளிடமே சொல்லிவிட்டால் என்ன என்பீர்கள். சொன்னால், "எனக்குப் போக்கிடம் இல்லன்னு குத்திக் காட்டுறியா?" என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொள்வாள். எனக்கும் அவள் முகத்தைப் பார்த்து நல்ல வார்த்தை சொல்லிப் பழக்கமில்லை. வாய் கூசும். எழுதி வைத்துவிட்டால் நான் போனபிறகு அவளே தெரிந்துகொள்ளட்டும், அப்போது சண்டைக்கு வர முடியாதே என்று கணக்குப் போட்டேன்.

வக்கீல் ஆபீஸ் ஒரு பட்டுக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படிக்கட்டில் கால் வைப்பதற்குள் ஒரு புரோக்கர் ஓடி வந்து என் பையைப் பிடித்துக்கொண்டான். "வாங்கம்மா, கல்யாணப் பட்டா? தறியிலேயே காட்டறேன் வாங்க."

"கல்யாணம் இல்லப்பா, சாவு" என்றேன். பையை விட்டுவிட்டான்.

வக்கீல் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். நெற்றி நிறையத் திருமண், குரல் நிறைய மரியாதை. "சிஸ்டர், நீங்க நூறு வயசு இருக்கணும். ஒருவேளை, காலக்கிரமத்துல, உங்களுக்கு ஏதாவது ஒண்ணு..." என்று இழுத்தார்.

"நான் செத்துட்டா, சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அந்தப் பட்சத்துல" என்று திருத்திக்கொண்டு மறுபடி எடுத்தார். "சரி, உங்களுக்கு முன்னாடி உங்க நாத்தனார் பரமபதம்... கிறிஸ்தவாளுக்கு அதை எப்படிச் சொல்றது?"

"அதுவும் சாவுதான் சார்."

இப்படியாக என் சாவையும் அவள் சாவையும் பல பட்சங்களாகப் பிரித்து எழுதிக்கொண்டார். வீடு பையன்கள் இருவருக்கும் சமம். ஆனால் நாத்தனார் உயிரோடு இருக்கும்வரை முன்னறை அவளுடையது. அவளை யாரும் எழுப்பக் கூடாது, வீட்டை விற்கவும் கூடாது. டைப் அடித்துக் கொடுக்கும்போது வக்கீல் விரலை நீட்டிச் சொன்னார். "ரெண்டு சாட்சி வேணும். நீங்க அவங்க முன்னாடி கையெழுத்துப் போடணும், அவங்களும் உங்க எதிர்லயே போடணும். முக்கியமா, இதுல எதுவும் கிடைக்கப்போறவங்க சாட்சியா இருக்கக் கூடாது." எதிர்வீட்டு ரிட்டயர்டு போஸ்ட்மேனிடமும் எங்கள் மாதா கோயில் உபதேசியாரிடமும் சொல்லி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவதாகச் சொன்னார்கள். அன்று காலை அவர்களுக்கு வடை சுடப் பருப்பு ஊறவைத்துவிட்டு, காகிதத்தைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அங்கேதான் கெட்டது குடி.

என் நாத்தனாரைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் கோயிலில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் ரெஜிஸ்டரில் சாட்சிக் கையெழுத்து அவளுடையதுதான். பெண் வீட்டார் சாட்சியைத் தேடி முழிக்கும்போது இவள் கைப்பையைத் திறந்து பேனாவோடு பீடத்தருகே நிற்பாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும், ஒவ்வொரு எழுத்துக்கும் சுழி வைப்பாள். தான் சாட்சி போட்ட ஜோடி எதுவும் பிரிந்ததில்லை என்று பெருமை வேறு. சாட்சி என்று போட்டு எதிரே கோடு காலியாக இருந்தால் அவளுக்குக் கை நிற்காது.

தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தால், கடைசிப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து மை காய ஊதிக்கொண்டிருக்கிறாள்.

"நான் போட்டுட்டேன் அண்ணி. நீதான் இன்னும் போடல, சீக்கிரம் போடு."

"அடிப்பாவி! இன்னா காரியம் பண்ணின? படிச்சியா இதை?"

"அடுத்தவங்க காயிதத்தை நான் ஏன் படிக்கணும்? அது பாவமாச்சே. கையெழுத்துதான் போட்டேன்."

நான் போட்ட சத்தத்தில் வாசல்வரை வந்த போஸ்ட்மேன் அப்படியே திரும்பிப் போய்விட்டார். ஏன் கத்துகிறேன் என்று அவளிடம் சொல்லவும் முடியவில்லை. அவளுக்கோ ரோஷம் வந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் செல்லுற கையெழுத்து உனக்குச் செல்லாதா? வா, அந்த வக்கீலையே கேக்கறேன்" என்று மறுநாள் எனக்கு முன்னால் கிளம்பி, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வக்கீல் கடைசிப் பக்கத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என் கையெழுத்துல இன்னா சார் குறை?"

"குறையே இல்லம்மா, அழகா இருக்கு. ஆனா நீங்க சாட்சி போட்டா, இதுல உங்களுக்கு எழுதினது உங்களுக்கு இல்லாமப் போயிடும்."

"எனக்கா? எனக்கு இன்னா எழுதியிருக்குது?"

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "எனது கணவரின் உடன்பிறந்த சகோதரியானவர் தமது ஆயுள் பரியந்தம் மேற்படி வீட்டின் முன்னறையையும் சமையலறையையும் கிணற்றையும் யாதொரு ஆட்சேபணையுமின்றி அனுபவித்துக்கொள்ள வேண்டியது."

அவள் நாற்காலியை மேசைக்கு அருகே இழுக்கும் சத்தம் கேட்டது. பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன்.

"சமையலறையும் எனக்கா சார்?" என்றாள். "அப்போ உப்பு டப்பாவை நான் சொல்ற இடத்துல வெக்கலாமா?"

"தாராளமா. ஆனா உங்க அண்ணி காலத்துக்கு அப்புறம்."

"அவ செத்தப்புறமா? அப்புறம் யார்கிட்ட சண்டை போட்டு வெக்கறது?" என்று கேட்டுவிட்டுச் சட்டென்று மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளோ என்று பார்த்தால் அடுத்த குண்டைப் போட்டாள். "ஏன் அண்ணி, பின்னறையைத் தந்தா இன்னா? முன்னறையில கொசு பிச்சி எடுக்குது."

"பின்னறை நான் படுக்கிற ரூம்!"

"நீதான் அப்போ இருக்கமாட்டியே!"

கீழேயிருந்த புரோக்கர் படியேறி வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சண்டை போனது. வக்கீல் முன்னறையே இருக்கட்டும், கொசுவலை மாட்டிக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்து, புதிதாக டைப் அடிக்கச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போஸ்ட்மேனும் உபதேசியாரும் வந்து வடை சாப்பிட்டுச் சாட்சி போட்டார்கள். அவள் மூலையில் நின்று அவர்கள் எழுத்தைப் பார்த்து, "கோழி கிளறின மாதிரி இருக்குது" என்றாள்.

சாயங்காலம் முன்னறையில் தகரம் இழுபடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் டிரங்குப் பெட்டியை நடுவில் இழுத்துப் போட்டுத் திறந்து வைத்திருந்தாள். அவளுடைய துணிமணியெல்லாம் அதில்தான் இருக்கும். பீரோவில் வை என்று நான் எத்தனையோ தரம் சொல்லியும் கேட்டதில்லை. பிடிவாதம் என்று விட்டுவிட்டேன்.

"அண்ணி, உன் பீரோல ஒரு தட்டு காலி பண்ணிக் குடு."

"இப்போ எங்கேயிருந்து வந்துச்சு இந்த ஆசை?"

"அண்ணன் போனதிலேருந்து துணியைக் கட்டி வெச்சுக்கினே இருந்தேன். எப்போ கிளம்பச் சொல்லுவியோன்னு."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இத்தனை வருடம் என் வீட்டில் ஊருக்குப் போகிறவளாகவே உட்கார்ந்திருந்திருக்கிறாள்! "யாருடி உன்னைப் போகச் சொன்னது? நான் சொன்னேனா? ஒரு நாளாவது சொல்லியிருப்பேனா?" என்று கத்தினேன்.

அவள் ஒரு புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள். "போன்னு நீ சொல்லவே இல்ல அண்ணி. இருன்னும் யாரும் சொல்லலியே."