ஈஸ்டர் கறியின் மேல் விழுந்த பழி

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஒரு வருஷம், தவக்காலம் தொடங்குமுன் மதுரையில் என் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகள். ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியர் வேலைக்குத் திரும்பினேன். மாத்திரையின் விளைவு, மேஜை முனை பட்டாலே கை நீலம் பாரித்துவிடும்.

"என்ன சார், வீட்ல கரண்டியா, பூரிக்கட்டையா?" என்று உடன் வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள். விலங்கியல் நடத்துகிறவன் நான். ரத்தம் இவ்வளவு நீர்த்தால் ஆபத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மனைவி மாத்திரைகளை என் உள்ளங்கையில் வைப்பாள்.

"முழுங்கியாச்சா? எங்க, ஆ காட்டுங்க."

முதல் வகுப்புப் பிள்ளையிடம் பேசுகிற குரல். இன்று அதைக் கேட்க எதையும் கொடுப்பேன். அன்றோ தினமும் கன்னத்துக்குள் ஒதுக்கி, கொல்லைக்குப் போய்த் துப்பினேன்.

நோன்பு முடிந்து ஈஸ்டர் வந்தது. பூசையிலிருந்து வந்ததும் தேங்காயும் சோம்பும் வறுத்து அரைத்தாள். தெருவரைக்கும் வாசம்.

"செத்த நேரம் பொறுங்க, கறி வேகட்டும்" என்றாள். பிறகு அவளே வற்புறுத்தி இன்னொரு கரண்டி ஊற்றினாள். மாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தேன்.

மதுரையில், ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டியிருப்பதாகச் சொன்னார்கள்.

"மாத்திரை ஒழுங்காப் போட்டாரா?" என்றார் டாக்டர்.

"ஒருநாள் தவறல டாக்டர். எங் கையாலதான் குடுத்தேன்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

பிழைத்துக் கண் திறந்தபோது கட்டிலருகில் அழுதுகொண்டிருந்தாள். "அம்புட்டு நாள் நோன்பிருந்த வயித்துக்கு, நாந்தான் கறிய அள்ளி ஊத்திட்டேன்."

அதன்பின் நான் மாத்திரையைத் தவறவிட்டதில்லை. அவள் ஈஸ்டருக்குக் கறி சமைத்ததில்லை.

"ஏம்மா, இன்னிக்குமா கத்திரிக்கா சாம்பாரு?" என்பான் மகன்.

"ஒங்கப்பா நெஞ்சு தாங்காதுடா, பேசாம சாப்புடு." நான் தட்டைப் பார்த்தபடி பிசைந்துகொண்டிருப்பேன்.

சில வருஷங்களில் அவள் படுக்கையில் விழுந்தாள். ஒரு மதியம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நான் கறி வச்சிருக்கக் கூடாதுங்க" என்றாள். வீட்டில் வேறு யாருமில்லை. சொல்லியிருக்கலாம்.

"விடு, அதெல்லாம் பழைய கத" என்றேன், அவளை மன்னிப்பவனைப் போல.