காப்புக் கட்டிய பிறகு எழுதிய பரீட்சை

பங்குனியில அம்மனுக்குக் காப்புக் கட்டிட்டா, அன்னைக்கு ஊருக்குள்ள இருந்த யாரும் திருவிழா முடியிற வரைக்கும் ராத்திரி வெளியூர்ல தங்கக் கூடாது. பகல்ல எங்க வேணாலும் போகலாம். சாயங்காலம் கோயில்ல விளக்கு ஏத்துறதுக்குள்ள எல்லைக் கல்லைத் தாண்டி ஊருக்குள்ள வந்திரணும். பூம்பாறைக்கு அந்தப் பக்கம், மலைச் சரிவை வெட்டி வெட்டிப் பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிழைச்ச ஊர் எங்களுது. இந்தக் கட்டுப்பாட்டை மீறினவங்க யாரையும் நான் பாத்ததில்லை.

அறுபதுகளோட ஆரம்பம் அது. பூண்டு வெட்டு எப்ப முடியும்னு பாத்துத்தான் காப்புக்கு நாள் குறிப்பாங்க. பரீட்சைன்னு ஒண்ணு இருக்கிறது யார் ஞாபகத்துல இருக்கும்? எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் போனவங்க ஊர்ல யாருமில்லை. கொடைக்கானல் ஹாஸ்டல்ல தங்கிப் படிச்ச முதல் பொண்ணு நான். என் பரீட்சையும் அம்மன் திருவிழாவும் ஒரே வாரத்துல வந்து நின்னுச்சு.

படிக்கிற லீவுக்கு நான் ஊருக்குக் கிளம்பினப்ப, "காப்புக்கு முந்தியே கிளம்பி இங்க வந்திரு"ன்னு ஹாஸ்டலைப் பாத்துக்கிட்ட பெரிய டீச்சர் சொன்னாங்க. "இந்த வருஷம் பள்ளிக்கூடத்துல முதல் மார்க் நீ வாங்கணும்." நல்ல யோசனைதான். ஆனா முளைப்பாரியை என்ன செய்யிறது? தானியத்தைச் சட்டியில விதைச்சு, இருட்டுல வச்சு அம்மனுக்கு வளர்க்கிற பயிர் அது. விதைச்சவதான் தினமும் தண்ணி தெளிக்கணும், வேற கை படக் கூடாது. சாயங்காலம் கும்மியடிக்கையில பாட்டெடுத்துக் கொடுக்கிறதும் நான்தான். எனக்கு அம்மன் மேல பக்தி உண்டு, அந்தப் பாட்டு மேல அதைவிட ஆசை உண்டு. ரெண்டையும் விட மாட்டேன்னுட்டேன்.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை"ன்னார் என் சித்தப்பா. கோயில் விளக்கு ஏத்துற முறை அவரோடது.

"எனக்கு மீசை வேணாம் சித்தப்பா, ரெண்டு கிண்ணம் கூழ் போதும்"னேன்.

அவர் சிரிக்கல. "இங்க பாரு தாயீ. ஒரு நாள் நீ விளக்கு வைக்கிறதுக்குள்ள வரலைன்னாலும், உனக்குப் பின்னால இந்த ஊர்ல இருந்து ஒரு பொட்டப்புள்ளயும் படிக்கப் போகாது. ஊர்ல பேசி முடிச்சாச்சு." அவரோட மகளே அடுத்து ஹாஸ்டலுக்கு வரணும்னு ஆசைப்பட்டுக்கிட்டிருந்தா. எனக்குப் பயமா இருந்துச்சு, கோபமும் வந்துச்சு. பயத்தைவிடக் கோபந்தான் பெருசா இருந்துச்சு.

வெள்ளனே எந்திரிச்சுக் குளிச்சு முளைப்பாரிக்குத் தண்ணி தெளிப்பேன். எங்க குளிருக்குப் பயிர் வெரசா ஏறாது. அடுப்பங்கரைச் சுவரை ஒட்டிச் சட்டியை வச்சாத்தான் தலை தூக்கும். அப்புறம் காய்கறி லாரி. நானும் அம்மாவும் டிரைவர் பக்கத்துல ஒண்டிக்குவோம். வளைவுக்கு வளைவு நான் சரித்திரம் ஒப்பிப்பேன். அம்மா வாந்தி வராம இருக்க எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே தலையாட்டுவா. நான் எழுதி முடிக்கிற வரைக்கும் பள்ளிக்கூட மதிலோரமா உக்காந்திருப்பா. முதல் நாள் "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சு"ன்னு திட்டின பெரிய டீச்சர், மறுநாள் அம்மாவுக்குக் காபி கொடுத்தனுப்பினாங்க. சாயங்காலம் அதே லாரியில திரும்பி வந்து கும்மி. அவ்வளவு சந்தோஷமா நான் அதுக்கு முந்திப் படிச்சதே இல்லை.

கடைசி நாள் கணக்குப் பரீட்சை மட்டும் மதியத்துக்கு மேல. ஜன்னலுக்கு வெளிய வெயில் சாயுது, ஒரு ஜாமெட்ரி கணக்கு பாக்கி கெடக்கு. அதை விட்டுட்டு எந்திரிச்சா லாரி நிதானமா ஊர் போய்ச் சேரும். பாதியில எந்திரிச்சு ஓடினவளைக் காட்டி எந்தப் பொண்ணைப் படிக்க அனுப்பச் சொல்றது? மணியடிக்கிற வரைக்கும் உக்காந்து அதையும் போட்டு முடிச்சேன்.

பாதி வழியில, ஏத்தத்துல லாரி நின்னுபோச்சு. டிரைவர் இன்ஜின் மூடியைத் தூக்கினதும் ஆவி ஆவியா வந்துச்சு. "இது இப்ப நகராதும்மா"ன்னார். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, சோலைக்காட்டுக்குள்ள ஊருக்குக் குறுக்கா இறங்குற ஒத்தையடிப் பாதையில ஓட ஆரம்பிச்சுட்டா. எங்கம்மா ஓடி நான் பாத்ததே இல்லை. பின்னாலயே நானும் ஓடினேன். முள்ளு கிழிச்சுது, செருப்பு அறுந்துச்சு, கையில எடுத்துக்கிட்டேன். சோலையை விட்டு வெளிய வந்தா, எதிர் மலைக்குப் பின்னால சூரியன் இறங்கியாச்சு. போச்சு, எல்லாம் போச்சுன்னு அழுதுக்கிட்டேதான் மிச்ச தூரமும் ஓடினேன்.

எல்லைக் கல்லைத் தாண்டிக் கோயில் முன்னால போய் நின்னா, ஊரே கூடி நிக்குது. விளக்கு எரியல. சித்தப்பா அதுக்கு முன்னால குத்தவச்சு உக்காந்து ஒரு தீக்குச்சியை உரசினார். பத்திக்கிச்சு. அவரே கையை உதறி அணைச்சார். காலடியில கருகின குச்சி குமிஞ்சு கெடந்துச்சு.

"இன்னைக்கு என்ன இப்படிக் காத்தடிக்குது"ன்னார், யாரையும் பாக்காம.

ஒரு இலை அசையல. அத்தனை பேர் நின்னாங்க, ஒருத்தர் வாயைத் திறக்கணுமே. அவர் தலை நிமிர்ந்து என்னையும் அம்மாவையும் பாத்தார். அடுத்த குச்சியில விளக்கு எரிஞ்சுச்சு. எனக்கு மூச்சு வாங்குச்சு, இருந்தாலும் பாட்டெடுத்தேன். முதல் வரி உடைஞ்சு உடைஞ்சுதான் வந்துச்சு. மத்த பொண்ணுங்க சேந்து தூக்கிவிட்டாங்க.

பள்ளிக்கூடத்துல முதல் மார்க் எனக்குத்தான். ஜூன் மாசம் சித்தப்பாவே தன் மகளைக் கூட்டிக்கிட்டுப் போய் ஹாஸ்டல்ல சேத்தார்.

மறுவருஷம் காப்புக்கு நாள் குறிக்க ஊர் கூடுச்சு. ஆளாளுக்கு ஒரு கிழமையைச் சொல்லிக்கிட்டிருந்தாங்க. சித்தப்பா எந்திரிச்சுத் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டார்.

"நாளைக்குக் குறிச்சுக்கலாம்யா. நான் கொடைக்கானலுக்குப் போயி, பரீட்சை என்னைக்குன்னு பெரிய டீச்சரைக் கேட்டுட்டு வந்திர்றேன்."